சம்மாட்டிக்குப் பாதிப் பிழை

கொழும்பு
10 ஜூன் 2025

கிளைட்டன் அவர்களுக்கு,

நீங்கள் என் அழைப்பை எடுப்பதில்லை. ஆகவே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் இருவரும் மரியாதையாகப் பொய் சொல்வோம். பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் இருந்தவர்களுக்கு அது தேவையில்லை.

கடந்த மாதம் நான் ஆலங்குடாக் கிளைக்கு வந்து சில வேலைமுறைகளை ஏற்படுத்திவிட்டுப் போனேன். காலையில் நின்றபடி ஒரு சிறிய கூட்டம். ஒருவர் எழுதிய கோட் வரிகளை இன்னொருவர் வாசித்துப் பார்ப்பது. மென்பொருளில் பிழை கண்டால் அதைப் பிழைப்பதிவில் ஏற்றுவது: என்ன பிழை, எந்த இடத்தில், யாருடையது.

பிழைப்பதிவு வெறுமையாக இருக்கிறது.

மீன் லொறிகளுக்கு வழி சொல்லும் மென்பொருள் உங்களுடையது. போன வாரம், கற்பிட்டியிலிருந்து நீர்கொழும்புக்குப் போக வேண்டிய இறால் லொறியை அது அநுராதபுரத்துக்கு அனுப்பியது. சாரதி நல்ல மனிதர், சொன்னதைக் கேட்பவர். புத்தளம் தாண்டிய பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. பதிவில் அதுவும் இல்லை. பிழையே இல்லாத மென்பொருள் என்றால் அது இன்னும் எழுதப்படாத மென்பொருள்தான்.

ஆகஸ்டில் ஒவ்வொரு அலுவலகத்தின் வேலைமுறையையும் பார்க்க மதிப்பீட்டாளர் வருகிறார். அவர் தரும் சான்றிதழ் இல்லாமல் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டார். ஆலங்குடா தேறாவிட்டால் கிளையை மூடி வேலையைக் கொழும்புக்கு எடுப்பதாக நம் முதலாளி, எம்.டி. லொக்குகே, கூட்டத்தில் சொல்லிவிட்டார். மேசையில் இருந்த யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

றிஸ்மினா
வேலைமுறை மேம்பாட்டுப் பிரிவு


ஆலங்குடா
13 ஜூன்

றிஸ்மினா,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர். பயந்துவிட்டேன். அம்மா என்னை ஞானஸ்நானப் பெயர் முழுவதும் சொல்லிக் கூப்பிட்டால் வரும் பயம்.

ஏன் அழைப்பை எடுக்கவில்லை என்றால், கோபம். நீர் வந்த அன்று நிலுக்சனின் பிழையைப் புரொஜெக்டரால் சுவரில் பெரிதாகப் போட்டீர். மெல்லிய குரலில்தான் கேட்டீர், "இது யாருடையது?" என்று. அவன் பள்ளிக்கூடத்தில் எழும்புவதுபோல் எழும்பி நின்றான். அதற்குப் பிறகு சில நாள் வேலைக்கு வரவில்லை. அம்மாவுக்கு வயிற்றுவலி என்றான். அந்த அம்மாவைக் கடற்கரையில் கண்டேன். நல்ல ஆரோக்கியமாகத் திருக்கை மீனுக்கு விலை பேசிக்கொண்டு நின்றா.

நிற்கும் கூட்டம் பற்றி. இந்தக் கட்டடம் முன்பு, பட்டம் கட்டி அலைமேல் ஓட வரும் வெள்ளைக்காரருக்கான விடுதி என்பது உமக்குத் தெரியும். உரிமையாளர் அன்ரனிப்பிள்ளை அண்ணன் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, பிள்ளையள நிக்க வச்சிருக்கிறாய்? என்ன குற்றம் செய்ததுகள்?"

"கூட்டம் அண்ணன். நிண்டுதான் செய்யவேணுமாம்."

"ஆர் சொன்னது?"

"கொழும்பு."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் கதிரைகள் வந்தன. அதற்கடுத்த நாள் தேத்தண்ணி. பிறகு அவருடைய மனைவி மீன் அடைத்துச் சுட்ட மாலுபாண். கூட்டம் இப்போது வெயில் ஏறும்வரை போகிறது. நல்ல கூட்டம். பிழையைப் பற்றி மட்டும் யாரும் கதைப்பதில்லை.

லொறி. மென்பொருளைப் பரிசோதனை செய்யும் கமறியாவை நினைவிருக்கும், கரைத்தீவிலிருந்து பஸ்ஸில் வருபவள். அவள் அந்தப் பிழையைக் கண்டாள். அது ஃபாஹிம் எழுதிய பகுதி. நான் கேட்டேன், ஏன் பதியவில்லை?

"ஹஜ்ஜுப் பெருநாளும் அதுவுமா அவர்ட பேர எப்பிடி எழுதுற? அவர்ட உம்மா எங்களுக்கு வட்டிலப்பம் அனுப்பியிரிக்கா."

அவள் ஃபாஹிமின் மனைவியிடம் சொன்னாள். மனைவி ஃபாஹிமிடம் சொன்னா. அவர் பெருநாள் உடுப்போடு இருந்து திருத்தினார். பிழைகள் திருத்தப்படுகின்றன, றிஸ்மினா. பதியப்படுவதில்லை. இங்கே ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுப்பது என்றால் அது பொலிஸுக்கு.

கிளைட்டன்


கொழும்பு
14 ஜூன்

கிளைட்டன்,

உம்முடைய கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காகக் கோபம் வந்தது. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

எனக்குத் தெரியாதது இல்லை. புத்தளத்தில் எங்கள் வீட்டில் கறிக்கு உப்புக் கூடினால் யாரும் சொல்வதில்லை. வாப்பா இரண்டாம் தரம் தண்ணீர் கேட்பார். உம்மா விளங்கிக்கொள்வா. அடுத்த நாள் கறி சரியாக இருக்கும். அருமையான முறை. ஆனால் மதிப்பீட்டாளர் எங்கள் வீட்டில் சாப்பிட வரவில்லை. தண்ணீர் கேட்டது யார், ஏன் என்று அவருக்குக் கடதாசியில் காட்டவேண்டும்.

ஆகவே ஒன்று செய்திருக்கிறேன். இன்றிலிருந்து, கமறியா கண்ட பிழையைப் பதியாமல் அவளுடைய நாள் வேலையை முடிக்க முடியாது. பெயர் போடாமல் பதிவைச் சேமிக்கவும் முடியாது. பெயர்ப்பெட்டி கட்டாயம்.

கொடுமையாகத் தெரியும். கிளை மூடினால் உம்மைக் கொழும்புக்கு எடுப்பார்கள். ஃபாஹிமையும் எடுப்பார்கள், அறை வாடகைக்கே சம்பளம் போகும். நிலுக்சன் தகப்பனுடைய வள்ளத்துக்குத் திரும்புவான். கமறியாவை வீட்டில் அனுப்பவேமாட்டார்கள். கிளை மூடிய அன்றோடு அவளுடைய வேலை முடிந்தது. அதை நினைத்துத்தான் அந்தப் பெட்டியைக் கட்டாயமாக்கினேன்.

நிலுக்சனிடம் என் சார்பில் ஒன்றும் சொல்ல வேண்டாம். நானே கதைக்கிறேன்.

றிஸ்மினா


ஆலங்குடா
4 ஜூலை

றிஸ்மினா,

பதிவைத் திறந்து பாரும். நிரம்புகிறது.

காற்று பலம். ஜன்னல்களைச் சாத்தினாலும் விசைப்பலகைக்குள் மணல். ஆனால் காலையில் எல்லோரும் நேரத்துக்கு வருகிறார்கள். பிழையைப் பற்றிச் சத்தமாகக் கதைக்கிறார்கள். சிரிக்கிறார்கள். நேற்று நிலுக்சன் தானாகவே ஒரு பிழையைக் கண்டு, பெரிய மீன் பிடித்தவன்போல் அறை அறையாகக் கொண்டுபோய்க் காட்டினான்.

உம்முடைய கட்டாயப் பெட்டி வேலை செய்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

எப்படி என்று மட்டும் கேட்காதீர்.

கிளைட்டன்


கொழும்பு
7 ஜூலை

கிளைட்டன்,

கேட்கிறேன்.

முதல் நாள் பதிவைப் பார்த்தபோது கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. இரண்டாம் நாள் பெயர்களைப் பார்த்தேன்.

நீர், நிலுக்சன், ஃபாஹிம், கமறியா. நால்வருக்கும் ஒரே அளவு பிழை. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. கமறியா கோட் எழுதுவதில்லை. எழுதாதவள் எப்படிப் பிழை விட்டாள்? ஃபாஹிம், குழந்தை கிடைத்து மனைவியோடு ஆஸ்பத்திரியில் நின்ற நாட்களிலும் உங்களோடு சமமாகப் பிழை விட்டிருக்கிறார்.

இதெல்லாம் பரவாயில்லை. பதிவின் மற்றப் பாதி முழுவதும் ஆர். லொக்குகே என்ற பெயரில் இருக்கிறது.

அது எம்.டி.

அவர் கடைசியாகக் கோட் எழுதியபோது நாம் பள்ளிக்கூடத்தில். பட்டியலில் அவருடைய பெயர் இருப்பது, சுவரில் படம் மாட்டுவதுபோல், மரியாதைக்கு.

விளக்கம் தேவை. உடனே.

பி.கு. நிலுக்சனுக்கு அழைப்பெடுத்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு இரண்டு தரம் வாயைத் திறந்தேன். இரண்டு தரமும் அவன், "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்டான். பிறகு கடலைப் பற்றிக் கதைத்தோம். மன்னித்துவிட்டான் என்று நினைக்கிறேன். பதிவு ஏதும் இல்லை.

றிஸ்மினா


ஆலங்குடா
9 ஜூலை

றிஸ்மினா,

உம்முடைய பெட்டி கட்டாயமான அன்று காலையில், கமறியாவின் திரையைச் சுற்றி நால்வரும் நின்றோம். கதிரைகள் வந்த பிறகு முதன்முறையாக நின்றபடி ஒரு கூட்டம் நடந்தது என்று எழுதிக்கொள்ளும்.

"பேரில்லாம சேமிக்குதில்ல," என்றாள். "யார்ட பேரப் போடுற?"

"என்ட பேரப் போடு," என்றான் நிலுக்சன்.

"ஒன்ட பேர ஒருக்காச் செவத்துல போட்டாங்க. அது காணும்," என்றார் ஃபாஹிம். "எண்டத போடுங்க."

"அது உங்கட இல்லயே."

"இல்லாட்டி என்ன?"

அப்போதுதான் நிலுக்சன் அதைச் சொன்னான். "கடலில என்ன செய்யிறம்? வந்ததைப் பங்கு போடுறம். நான் கூட இழுத்தன், நீ குறைய இழுத்தாய் எண்டு ஆராவது எழுதுறமோ? காய்ச்சலில கிடக்கிறவனுக்கும் பங்கு போகுது. இதையும் போடுவம்."

யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை. எனக்கும்.

"எனக்கும் பங்கு வேணும்," என்றாள் கமறியா. "நானும் வள்ளத்துலதானே இரிக்கிறன்."

"அப்ப சம்மாட்டிக்கு?" என்றார் ஃபாஹிம்.

உமக்குத் தெரியும், மதிப்பீட்டாளருக்காக எழுதி வைக்கிறேன். வள்ளமும் வலையும் எஞ்சினும் யாருடையதோ அவர் சம்மாட்டி. வந்ததில் பாதி அவருக்கு. மற்றப் பாதிதான் வேலை செய்தவர்களுக்கு, சமனாக.

"வள்ளம் ஆர்ட?"

"கொம்பனிட."

"கொம்பனி ஆர்ட?"

கமறியா பெயர்ப்பட்டியலில் கீழே கீழே போய், அவரைக் கண்டுபிடித்தாள்.

நான் தடுத்திருக்கலாம். பொறுப்பாளர் நான். ஆனால் அவர்கள் பிழைகளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், றிஸ்மினா. "இந்தாங்க ஃபாஹிம், நல்ல பெரிசு ஒண்டு." "இது சின்னன், கிளைட்டன் அண்ணனுக்குப் போடு." அப்படி ஒரு சத்தத்தை இந்தக் கட்டடத்தில் நான் கேட்டதில்லை. யாருடையது என்பதில் மட்டும்தான் பொய். பிழை எல்லாம் உண்மை.

எம்.டி. பதிவைப் பார்ப்பாரா?

கிளைட்டன்


கொழும்பு
16 ஜூலை

கிளைட்டன்,

பார்த்தார்.

அவர் தேடிப் பார்க்கவில்லை. பிழைப்பதிவு தானாகவே அவருக்கு ஒவ்வொரு காலையும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது: 'உங்கள் பிழைகள் இன்னும் திருத்தப்படவில்லை. தயவுசெய்து கவனிக்கவும்.' அவர் அதை ஏதோ விளம்பரம் என்று அழித்துக்கொண்டே வந்திருக்கிறார். நேற்று மாத அறிக்கை போனது. அதில் ஒரு வரைபடம். நான்கு சிறிய தூண்கள், ஒரே உயரம். பக்கத்தில் ஒரு கோபுரம். கோபுரத்தின் கீழே அவருடைய பெயர்.

கூப்பிட்டார். கதிரையில் இருக்கச் சொல்லவில்லை.

நான் பங்கு முறையை விளக்கினேன். சிங்களத்தில் விளக்கினேன், ஆங்கிலத்தில் விளக்கினேன். எல்லாம் விளங்கியது. 'ஆகவே பாதிப் பிழை எனக்கு, ஏனென்றால் நான் முதலாளி,' என்று திருப்பிச் சொன்னார். ஓம் என்றேன். 'இது மரியாதையா, நக்கலா?' என்று கேட்டார். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. உமக்குத் தெரியுமா?

அடுத்த கிழமை வியாழக்கிழமை ஆலங்குடாவுக்கு வருகிறார். மதிப்பீடு வரை பொறுக்கத் தேவையில்லையாம். மூடுவதை முகத்துக்கு நேரே சொல்வதுதான் முறையாம்.

அதற்கு முன் பதிவைத் திருத்தும். ஒவ்வொரு பிழைக்கும் உண்மையான பெயர். இதை நான் வேலைமுறைப் பிரிவிலிருந்து கேட்கவில்லை.

றிஸ்மினா


ஆலங்குடா
25 ஜூலை

றிஸ்மினா,

பதிவைத் திருத்தவில்லை. திருத்துவதற்குக் கூடி இருந்தோம். மற்றவருடைய பெயரைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. தன் பெயரைச் சொல்லவும் வரவில்லை. தான் மட்டும் நல்ல பிள்ளை என்று காட்டுவதுபோல் இருக்குமாம். மாலையாகிவிட்டது. கமறியாவுக்குக் கடைசி பஸ்.

நேற்று எம்.டி. வந்தார். கார் மணலில் புதைந்தது. அன்ரனிப்பிள்ளை அண்ணனும் நாங்களும் தள்ளினோம். மூட வருகிறவரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்த கிளை நாங்களாகத்தான் இருக்கும்.

பதிவை அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தார். நடு மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு எல்லாம் சிங்களத்தில் நடந்தது. நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"என்னுடைய பிழைகளாம். பார்ப்போமே," என்றார். சிரிக்கவில்லை. முதலாவதை வாசித்தார். "லொறியின் பாரத்தில் பனிக்கட்டியின் நிறை சேர்க்கப்படவில்லை. இதை எப்போது நான் செய்தேன்?"

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கடதாசியைப் பார்த்தார். பிழைக்குக் கீழே கமறியா வழக்கம்போல் குறிப்பு எழுதியிருந்தாள்: 'தொலைபேசியில் கேட்டபடி மாற்றப்பட்டது.' யார் கேட்டது என்று எழுதவில்லை. எழுதுவாளா?

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டார். கண்டியில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து எனக்கு அழைப்பெடுத்தது அவருக்கு நினைவு வந்துவிட்டது. வாடிக்கையாளர் பார்க்கும் திரையில் இலக்கங்கள் அதிகம், அந்தப் பனிக்கட்டியை இப்போதைக்கு எடுத்துவிடு, பிறகு பார்ப்போம் என்றார் அன்று. பின்னால் மேளம் கேட்டது. நான் 'சரி சேர்' என்றேன். பிறகு யாரும் பார்க்கவில்லை.

"மேக்க மகே தமய்," என்றார். இது என்னுடையதுதான்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நிலுக்சன் தன் கால்விரல்களைப் பார்த்தான். அவர் பேனாவை எடுத்து அதில் சரி போட்டார். பக்கத்தைத் திருப்பினார். "அப்படியென்றால் இதுவும் என்னுடையதாகத்தான் இருக்கும். லொறி அநுராதபுரம் போனது."

ஃபாஹிம் எழும்பிவிட்டார்.

"சேர், அது ஒங்கட இல்ல. எண்ட."

"இருங்க, நான் வாசிக்கிறன்."

"வாசிக்கத் தேவயில்ல சேர். வடக்கயும் தெக்கயும் நான்தான் மாத்திப் போட்டுட்டன். நீங்க போய் அத ஏத்துக்கிறதா?"

"சேர், அதுக்கு அடுத்தது என்ட," என்றான் நிலுக்சன். "அதுக்குக் கீழ இருக்கிறதும். பேனையைத் தாங்கோ."

கமறியா எழும்பாமலே சொன்னாள். "அந்தப் பக்கத்துல கடைசி. அத நான் கண்டும் காணாத மாதிரி விட்டன். பெருநாள் வந்திச்சி. அதுவும் பிழதானே. எண்ட."

பிறகு நிறுத்த முடியவில்லை. அவர் ஒன்றை வாசிக்கத் தொடங்குவார். முடிப்பதற்குள் யாரோ ஒருவர் கையிலிருந்து பறிப்பதுபோல் எடுத்துக்கொள்வார். வயது போன மனிதர், இவ்வளவு தூரம் வந்து, எங்கள் பிழையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறுவதா? நானும் எடுத்துக்கொண்டேன். என்னுடையவை நான் நினைத்ததைவிட அதிகம். அதை முதலிலிருந்தே தெரிந்துதான் வைத்திருந்தேன் என்றும் நினைக்கிறேன்.

முடிவில் அவருக்கு மிஞ்சியவை கொஞ்சம். எல்லாம் தொலைபேசியில் சொன்னவை. சிறிது ஏமாந்தவர்போல் கடதாசியைப் புரட்டினார். "இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

மூடுவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூடவில்லை என்றும் சொல்லவில்லை. மதிய வெயிலில் போனார். பதிவில் இப்போது எல்லாப் பெயரும் உண்மை. நீர் பார்க்கலாம்.

நீர் கேட்டதற்குப் பதில்: மரியாதைதான். நக்கலும் கொஞ்சம் இருந்தது.

அவர் அங்கே வந்து என்ன சொல்கிறார்?

கிளைட்டன்


கொழும்பு
29 ஆகஸ்ட்

கிளைட்டன்,

ஒரு மாதம் எழுதவில்லை. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் எழுதக் கூடாது என்று இருந்தேன். இன்று கடதாசி வந்தது.

ஆலங்குடா தேறிவிட்டது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. கிளை இருக்கும். இதைக் கமறியாவிடம் முதலில் சொல்லும்.

மதிப்பீட்டாளர் அங்கே வந்தபோது அவளிடம், இவ்வளவு சிறிய கிளையில் இத்தனை பிழையா என்று கேட்டாராம். "இன்னும் இரிக்கி சேர், கொண்டுவரட்டா?" என்றாளாம். அதை அப்படியே அறிக்கையில் எழுதி, கீழே 'வலுவான அம்சம்' என்று போட்டிருக்கிறார்.

கொழும்பு தேறவில்லை. தலைமை அலுவலகம், நான் இருக்கும் மாடி. மறுபடியும் மதிப்பீடு.

எம்.டி. தன்னால் முடிந்ததைச் செய்தார். ஆலங்குடாவிலிருந்து வந்த அடுத்த கிழமையே பெரிய கூட்டத்தைக் கூட்டினார். கதிரையில் இருந்தார். பிழைப்பட்டியலை விரித்தார். முதலாவதை வாசித்துவிட்டு, 'இது என்னுடையது,' என்றார். காத்திருந்தார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அவர் இரண்டாவதை வாசித்தார். அதற்கும் தலையாட்டினார்கள். மனம் தளராமல் மூன்றாவதையும் வாசித்தார். பகல் சாப்பாட்டுக்கு முன் தலைமை அலுவலகத்தின் முழுப் பிழையும் அவருடையதாகிவிட்டது. ஒருவர் எழுந்து, முன்னுதாரணமான தலைமைத்துவம் என்று பாராட்டிப் பேசினார். எம்.டி. வெளியே வந்து என்னிடம், 'அங்கே என்ன செய்கிறார்கள்?' என்று கேட்டார். குரல் தணிந்திருந்தது.

இப்போது உத்தரவு. ஆலங்குடாவில் நடந்ததை வேலைமுறையாக எழுதி எல்லாக் கிளைக்கும் அனுப்ப வேண்டும். எழுதத் தொடங்கிவிட்டேன். நான்காம் பிரிவு:

4.1 பிழைப்பதிவில் பெயர் இடுவது கட்டாயமல்ல. (இதை யாரும் கேட்கவில்லை. பெட்டியை நானே எடுத்துவிட்டேன்.)

4.2 கூட்டத்தின் தொடக்கத்தில், மேலதிகாரி பிழையொன்றைத் தன்னுடையது என்று கூற வேண்டும்.

4.3 அறையில் இருப்பவர்களுக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் போக வேண்டும்.

4.3இல் நிற்கிறேன். மேலே போக முடியவில்லை. மதிப்பீட்டாளர் கேட்பார்: அது நடந்ததற்கு ஆதாரம் எது, எந்தப் படிவம், யாருடைய கையொப்பம்?

உமக்கு எழுதத் தெரிந்தால் எழுதி அனுப்பும். பிழை இருந்தால் என் பெயரையே போடுகிறேன்.

றிஸ்மினா